தொப்பி வேறு, தலைக்கவசம் வேறு



நமது அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சாம்பல் பூசணியும் நல்லெண்ணெயும் திரியும் விற்கும் கடைகளுக்கு நடுவே இப்போது புதிதாக ஒரு சரக்கு சேர்ந்திருக்கிறது. இரண்டு கம்பத்துக்கு இடையே கயிறு கட்டி, அதில் ஹெல்மெட்டுகளைத் தோரணம் போலத் தொங்க விடுகிறார்கள். வெளியூரிலிருந்து டெம்போவில் கொண்டு வந்து விற்பவர்கள் ஒரு பக்கம். நம் சங்க உறுப்பினர்களில் சிலரும் பலசரக்குக் கடை வாசலிலும், ஃபேன்சி கடையிலும், பஞ்சர் கடையிலும் நாலைந்து மாட்டி வைத்திருக்கிறார்கள். வாங்க வருபவர் விலை கேட்கிறார், நிறம் கேட்கிறார், தலையில் வைத்து வண்டிக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார், பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். விற்பவரோ வாங்குபவரோ தலை என்ன அளவு என்று கேட்டு நான் பார்த்ததில்லை. செருப்புக்குக்கூட எட்டா ஒன்பதா என்று கேட்கிறோம்.

நான் புளி, கேழ்வரகு, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். ஹெல்மெட் என் சரக்கு அல்ல. ஆனாலும் இந்தச் சரக்கை நாம் விற்கிற விதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே எண்ணம். உயிரைக் காக்கும் சாமானை எப்படி விற்க வேண்டும் என்பதை நான் நேரில் பார்த்தது கனடா நாட்டில், அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில். அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நம் ஊருக்கு வருகிறேன்.

என் மகன் டொராண்டோ நகரத்துப் பக்கம் வேலையில் இருக்கிறான். சென்ற குளிர்காலத்தில் நானும் வீட்டில் அவர்களும் போயிருந்தோம். ஒன்பது வயதுப் பேரனுக்குப் பனிக்கட்டி ஹாக்கியில் பைத்தியம். நம் கோவில்பட்டிப் பக்கம் மண் தரையில் ஆடுகிற ஹாக்கிக்கும் இதற்கும் மட்டை ஒன்றுதான் சம்பந்தம். உறைந்த தரையில் இரும்புத் தகடு வைத்த காலணியோடு சறுக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வில்லை. அதன் பெயர் பக். ஒரு அங்குலக் கனம், மூன்று அங்குல விட்டம், எடை 170 கிராம் அளவில் இருக்கும். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் கூடுதல். பெரிய ஆட்டங்களுக்கு அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் கல்லாக்கித்தான் எடுத்து வருவார்களாம். தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் போகும். நம் நாட்டிலும் லடாக்கில் இந்த ஆட்டம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கி வந்தது. பத்திரிகையில் நாலு வரி வந்தது, பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பேரனுக்குச் சாமான் வாங்க என்னையும் கூட்டிப் போனார்கள். கடைக்குப் போனால் கடைக்காரர் எப்படி விற்கிறார் என்று பார்ப்பது நம் வழக்கமல்லவா? நான் சாமானைப் பார்த்ததைவிட அந்தக் கடையில் இருந்த பெண்ணைத்தான் அதிகம் கவனித்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பையனைப் பார்த்ததும் என்ன நிறம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தையற்காரர் கழுத்தில் கிடக்குமே, அப்படி ஒரு டேப்பை எடுத்தாள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் மேடான இடத்தில் சுற்றி அளந்தாள். சென்டிமீட்டரைத் தாளில் குறித்தாள். பிறகுதான் அலமாரிக்குப் போனாள்.

தலைக்கவசத்தை மாட்டிவிட்டுத் தலையை ஆட்டச் சொன்னாள். கவசம் தனியாக ஆடினால் அது அவனுக்கு ஆகாது. நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும் என்று விளக்கினாள். தாடைப் பட்டையை மாட்டி அதற்குள் ஒரு விரல் விட்டுப் பார்த்தாள். முகத்துக்கு முன்னால் வரும் கம்பி வலையில் தாடை சரியாக உட்காருகிறதா என்று பார்த்தாள். முதல் இரண்டும் சரியில்லை என்று அவளே கழற்றி வைத்தாள். மூன்றாவதுதான் பொருந்தியது. அது முதல் இரண்டைவிட விலை குறைவு!

இந்த இடத்தில் என் மருமகள் ஒன்று கேட்டாள். "வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாகக் கொடுத்தால் அடுத்த வருஷமும் ஆகுமே?" நம் ஊர்த் தாய்மார் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி கூடவே போகும். அந்தப் பெண் சிரித்தாள். சட்டை என்றால் தருவேன், இதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெரிய அளவு கடையில் இல்லாமல் இல்லை. கொடுத்திருந்தால் வியாபாரம் அப்போதே முடிந்திருக்கும், இன்னும் அரை மணி நேரம் அவள் எங்களோடு நின்றிருக்க வேண்டியதில்லை.

காலணிக்கும் அதே கதை. சறுக்குக் காலணி நாம் தெருவில் போடும் செருப்பு அளவைவிட ஓர் அளவு, ஒன்றரை அளவு குறைவாகத்தான் வரும். நிமிர்ந்து நின்றால் கால் விரல் முன்னே லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னே போய் இறுக உட்கார வேண்டும். தளர்வாக வாங்கிக் கொடுத்தால் கணுக்கால் மடங்கி, பிள்ளை நிற்கவே முடியாமல் அழுவான். கடையிலேயே ஒரு சின்ன அடுப்பு வைத்திருக்கிறார்கள். காலணியை அதில் இளஞ்சூடு காட்டி, சூட்டோடு காலில் போட்டு, ஆறும்வரை உட்கார வைக்கிறார்கள். காலின் வடிவத்துக்கு அது படிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்துச் செய்ததுதான். தோள், முழங்கை, முழங்கால் பேடுகளையெல்லாம் மாட்டிய பிறகு, பையனை நிற்க வைத்துப் பார்க்கவில்லை. மட்டையைக் கையில் கொடுத்து, ஆடுகிற மாதிரி குனியச் சொன்னாள். நின்றால் எல்லாம் பொருந்தித்தான் இருக்கும். குனிந்தால்தான் முழங்கைப் பேடுக்கும் கையுறைக்கும் நடுவே எவ்வளவு கை வெளியே தெரிகிறது, கால் பேடு காலணி வரைக்கும் வருகிறதா என்பது தெரியும். அடி அந்த இடுக்கில்தானே வந்து விழும்.

விலைக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று என் மகனிடம் கேட்டேன். அவன் ஒரு செய்தி சொன்னான். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் என்ற பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டு சந்தையில் இருந்த 32 வகை பனி ஹாக்கித் தலைக்கவசங்களைச் சோதித்து நட்சத்திரம் கொடுத்தது. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. நான்கும் இல்லை. ஒன்றே ஒன்று மூன்று வாங்கியது. ஒன்பது வகைக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. விலை அதிகமானதெல்லாம் மேலே வந்துவிடவும் இல்லை. அந்த ஒன்பதும் கடையில் முறைப்படி விற்ற சரக்குதான். சட்டம் கேட்கும் அளவைத் தாண்டினால் போதும் என்று நின்றவை. சட்டத்தின் முத்திரை குறைந்தபட்சம், அதற்கு மேல் நல்லது எது என்று பார்த்து வைப்பது கடைக்காரர் பாடு. கனடாவில் அந்தக் குறைந்தபட்சத்தில் விளையாட்டு இல்லை. பனி ஹாக்கித் தலைக்கவசம் அந்நாட்டுச் சி.எஸ்.ஏ. தர விதிக்கு உட்படாமல் விற்பனைக்கு வரக் கூடாது என்று தனி ஒழுங்குமுறையே இருக்கிறது.

இவ்வளவு ஒழுங்கும் ஒரே நாளில் வந்ததல்ல. 1959 நவம்பர் 1ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் ழாக் பிளாண்ட் என்ற கோல்காப்பாளர் முகத்தில் பக் பட்டுக் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகக்கவசம் போடாமல் இனி ஆட மாட்டேன் என்று நின்றுவிட்டார். அதுவரை முகக்கவசம் போட்டால் பயந்தாங்கொள்ளி என்று பேசுவார்களாம். அங்கே பெரிய லீக்கில் புதிய ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்று விதி வந்ததே 1979-ல்தான். பழையவர்கள் விருப்பம்போல் ஆடலாம் என்று விட்டதால், வெறுந்தலையோடு ஆடிய கடைசி மனிதர் 1997 வரை ஆடினார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற 29 வயது ஆட்டக்காரர் கழுத்தில் இன்னொருவரின் சறுக்குத் தகடு வெட்டி இறந்து போனார். அதன் பிறகே சர்வதேசச் சம்மேளனம் கழுத்துக் கவசத்தையும் கட்டாயமாக்கியது. எந்த ஊரிலும் மனிதன் அடிபட்ட பிறகுதான் அளவு எடுக்கிறான் போலிருக்கிறது.

உழைப்பைப் பற்றியும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எது முதலில் போகும்? கையுறையில் உள்ளங்கைத் தோல் முதலில் தேயும். காலணித் தகட்டை ஆடி முடித்துத் துடைக்காவிட்டால் துரு ஏறும். பேடுகளைப் பையிலேயே போட்டு வைத்தால் வியர்வையில் நாறி இற்றுப் போகும். தலைக்கவசத்தில் திருகாணி, பட்டை, உள் மெத்தை மூன்றையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து பயன்படாமல் போன பேடுகளை அந்தக் கடையிலேயே பழைய விலைக்கு வாங்கி மறுபடி விற்கிறார்கள். தலைக்கவசத்தை மட்டும் வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டேன். அது எப்போது எங்கே அடிபட்டது என்று பார்த்தால் தெரியாது என்றாள். மொத்தச் சாமானும் சேர்ந்து நம் பணத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. எனக்கு வயிறு கலங்கியது உண்மை. ஆனால் ஏமாந்தோம் என்ற எண்ணம் வரவில்லை.

நிற்க. நம் ஊருக்கு வருவோம்.

நமக்குப் பனிக்கட்டி தெரிந்தது சர்பத் கடையில்தான். ஆனால் நமக்கென்று ஒரு ஆட்டக்களம் இருக்கிறது. ஒரு பக்கம் சேலம் பெங்களூர் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் புதிய சாலை, தெற்கே தொப்பூர் கணவாய். விடியற்காலையில் காய்கறிக்கும் பூவுக்கும் மண்டிக்கும் ஓடுவது நாம். நம் உறுப்பினர்கள் பலர் வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, ஹெல்மெட்டைக் கண்ணாடித் தண்டில் மாட்டிக்கொண்டு போவதை நான் தினம் பார்க்கிறேன். மூட்டைக்குக் கட்டும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். தாடைப் பட்டையை மாட்டுவதில்லை. போலீஸ் நிற்கும் இடம் தெரிந்தால் ஐம்பது அடிக்கு முன்னால் தலைக்கு வரும்.

லாரி ஏறினால் எந்தக் கவசமும் காக்காது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் விட்ட லாரிக்கு முன்னால் ஹெல்மெட் என்ன செய்யும்? ஆனால் நமக்குத் தெரிந்த வீடுகளில் விழுந்தவர்கள் எல்லாம் லாரியிலா விழுந்தார்கள்? மணலில் சறுக்கி, நாய் குறுக்கே வந்து, இருட்டில் வேகத்தடை தெரியாமல் விழுந்தவர்கள்தான் அதிகம். அப்படி விழுகிறவன் தலைக்குத்தான் இந்தச் சாமான்.

அது எப்படிக் காக்கிறது என்பதை விற்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளி ஓடு கெட்டியாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது, கூர்மையானது உள்ளே இறங்காமல் தடுக்கிறது. அடியை வாங்குவது உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மோகோல். அது தான் நசுங்கி, அந்த நேரத்தில் தலையை மெதுவாக நிற்க வைக்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது. ஆகவே பெரிய அடி ஒன்று வாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாமல் இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. கடை வாசலில் தொங்கும் முந்நூறு ரூபாய்ச் சரக்கில் கையை உள்ளே விட்டு அழுத்திப் பாருங்கள். துணிக்கு அடியில் கெட்டியாக ஒன்றும் இருக்காது. பஞ்சு போல அமுங்கித் திரும்ப எழும்பும், அதற்கடுத்து நேராகப் பிளாஸ்டிக் ஓடு. அது மழைக்கு ஆகும், வெயிலுக்கு ஆகும், போலீசுக்கு ஆகும். அதற்குத் தொப்பி என்று பெயர். தொப்பியைத் தொப்பி என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தளர்வான ஹெல்மெட் நல்ல கம்பெனியுடையதாக இருந்தாலும் பயன் குறைவு. விழும்போது முதலில் அதுதான் கழன்று ஓடும், பிறகுதான் தலை தரையைத் தொடும். இறுக்கமாக இருந்தால் அரை மணியில் நெற்றி வலிக்கிறது என்று கழற்றி டேங்கின் மேல் வைத்துவிடுவார். இரண்டும் விற்றவர் செய்த வேலை. நம் சரக்கில் சென்டிமீட்டர் அளவு உள்ளேயே ஒட்டியிருக்கிறது. ஒரு டேப்பின் விலை என்ன, இருபது ரூபாயா? தராசுக்கு முத்திரை வைக்கக் காத்துக்கிடக்கிற நாம் இதை வாங்கி வைக்கக் கூடாதா?

இனி சட்டம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பலர் இதை வண்டி ஓட்டுபவரின் பிரச்சினை என்றே நினைத்திருக்கிறார்கள். 2021 ஜூன் 1ஆம் தேதி முதல் இரு சக்கர வாகன ஹெல்மெட் எதுவானாலும் ஐ.எஸ். 4151 என்ற தர விதிப்படி செய்யப்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால்தான் விற்கலாம் என்று மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டத்தில் செய்பவர், இறக்குமதி செய்பவர் என்பதோடு நிற்கவில்லை. விற்பவர், இருப்பு வைப்பவர், விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பவர் என்றும் எழுதியிருக்கிறது. கயிற்றில் தொங்க விடுவதுதான் காட்சிக்கு வைப்பது. நாலு ஹெல்மெட் தொங்கவிட்டு ஒன்றுகூட விற்காவிட்டாலும் அகப்பட்டால் அகப்பட்டதுதான். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு ஹெல்மெட்டில் நமக்கு நிற்கும் லாபம் ஐம்பது ரூபாய். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கும், யார் வரப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டாம். 2025-ல் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட செய்தியின்படி, டெல்லியில் உரிமம் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500-க்கு மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பறிமுதல் ஆயின. கூடவே 17 சில்லறைக் கடைகளிலும் சாலையோரங்களிலும் ஏறக்குறைய 500 பறிமுதல் ஆயின. நாடு முழுவதும் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருந்த தயாரிப்பாளர்கள் அந்த ஜூன் மாதக் கணக்கில் 176 பேர்தான். சாலையோரத்தில் பார்க்கும் பெயர்களையெல்லாம் எண்ணினால் அதைவிட அதிகம் வரும் போலத் தோன்றுகிறது.

இங்கே நம்மவர்களின் ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையைப் பிடிக்காமல் கடைசியில் இருக்கும் சில்லறைக் கடைக்காரனைப் பிடிப்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம். கலப்படப் பருப்பு விஷயத்திலும் நாம் இதையே பல வருடமாகக் கேட்டு வருகிறோம். மேலே இருந்து மூட்டையில் வந்ததைக் கீழே இருப்பவன் தலையில் கட்டுவது சரியல்ல. ஆனால் பருப்பில் நாம் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். யாரிடம் வாங்கினோம் என்பதற்குப் பில் இருக்கிறது. ஹெல்மெட்டில் என்ன இருக்கிறது? டெம்போவில் வந்தவன் நூறு உருப்படியை இறக்கிவிட்டு ரொக்கம் வாங்கிக்கொண்டு போகிறான். பில் கிடையாது, பெயர் கிடையாது, ஊர் கிடையாது. பிறகு அதிகாரியிடம் நாம் யாரைக் காட்டுவது?

இன்னொரு வாதம், மக்கள் கேட்பது அதுதான் என்பது. 2015 ஜூலை 1ஆம் தேதி நீதிமன்ற உத்தரவுப்படி தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வாரத்தில் கடைகளில் சரக்குத் தீர்ந்தது. விலை ஏறியது. கிடைத்ததை வாங்கினார்கள். அன்றைக்கு உள்ளே நுழைந்த சரக்குதான் இன்றைக்கும் வழக்கமாக நின்றுவிட்டது. 2022 அக்டோபரிலிருந்து நம் மாநிலத்தில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் அபராதத்துக்குப் பயந்து முந்நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்குபவரிடம், இன்னும் ஐந்நூறு, அறுநூறு போட்டால் முத்திரையுள்ளது கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லும் கடைக்காரர் எத்தனை பேர்? நல்ல புளியையும் பழைய புளியையும் பக்கத்தில் வைத்து, வாசனை காட்டி விற்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு நல்ல ஹெல்மெட்டையும் ஒரு தொப்பியையும் வாடிக்கையாளர் கையில் கொடுத்து உள்ளே அழுத்திப் பார்க்கச் சொன்னால் அவரே தீர்மானிப்பார். நாம் பேச வேண்டியதுகூட இல்லை.

வாங்கி வைப்பவர்களுக்குச் சில காரியங்கள். உரிமம் உள்ள தயாரிப்பாளரின் விநியோகஸ்தரிடம் மட்டும், பில்லோடு வாங்குங்கள். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கி அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள். முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் அச்சடிக்க எந்த அச்சகமும் போதும். தயாரித்த மாதம் வருடம் பாருங்கள். தாடைப் பட்டையை மாட்டி இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். பூட்டு விட்டால் திருப்பி அனுப்புங்கள். ஒரே அளவில் இருபது வாங்காமல் மூன்று அளவில் கலந்து வாங்குங்கள். வெயிலில் தொங்க விடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாள் கணக்கில் காய்ந்த பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் விற்பதற்கு முன்பே பாதி ஆயுளை இழந்திருக்கும். தூசி துடைக்கப் பெட்ரோலோ தின்னரோ தொடக் கூடாது, ஈரத் துணி போதும். விற்கும்போது வாங்குபவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள். விழுந்து எழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வியாபார வாய்ப்பையும் குறிப்பிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கான அளவு நம் பக்கத்தில் நான் விசாரித்த கடைகளில் இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இரு சக்கர வாகனத்தில் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அவர்கள் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். அப்பாவுக்கு ஹெல்மெட் இருக்கிறது, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இல்லை. அப்பாவுடையதை மாட்டிவிட்டால் அது பிள்ளையின் மூக்கு வரை இறங்குகிறது. சிறிய அளவில் நல்ல சரக்கு வைக்கும் முதல் கடை நம் உறுப்பினருடையதாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனித்தனியாகப் பத்துப் பத்தாக வாங்கும்போது விநியோகஸ்தர் நம்மை மதிப்பதில்லை, மூன்று அளவு கலந்து கொடு என்றால் கேட்பதில்லை. விற்க விருப்பமுள்ள உறுப்பினர்கள் பெயர் கொடுத்தால் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடலாம். விற்காமல் நிற்கும் அளவை மாற்றித் தருவது என்ற நிபந்தனையோடு பேசலாம். சேலத்தில் உள்ள ஒரு விநியோகஸ்தரிடம் வாய்மொழியாக விசாரித்தேன். ஐம்பதுக்கு மேல் என்றால் அளவு மாற்றித் தரச் சம்மதம் என்கிறார், முப்பது நாள் தவணையும் தருவாராம். அஷ்டமிக் கூட்டத்தில் பில் இல்லாத சரக்கைக் கொண்டுவந்து இறக்கும் டெம்போக்காரர்களுக்கு நம் கடை வாசலில் இடம் தருவதில்லை என்று ஒரு தீர்மானமும் போட வேண்டும். வாசல் வாடகையாக அவர்கள் கொடுக்கும் நூறு, இருநூறு சிலருக்குப் பெரிதாகத் தெரிவதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆர்டரில் சேர விரும்புபவர்கள் எந்த அளவில் எத்தனை என்று எழுதிக் கொடுக்கலாம். நான் எழுதியதில் ஆட்சேபம் உள்ளவர்கள் நேரிலேயே வரட்டும். மதியம் ஒரு மணி வரை மண்டியில்தான் இருப்பேன்.